இங்கேயே இரு

ஒரு மணி பத்துக்குத்தான் தண்டபாணிக்கு உறைத்தது, வெள்ளச்சியைக் காணோம். பின்னாடியே வருகிறாள் என்று நினைத்துக்கொண்டு பனிக்குள் அத்தனை தூரம் நடந்திருக்கிறான். ஓநாய் பாய்ந்தபோது ஒரு கோடாரிதான் வீசியது, அவனுடையது. பக்கத்தில் வழக்கமாய் வீசுகிற இன்னொரு கோடாரி வீசவில்லை. திரும்பிப் பார்த்தால் திரை முழுக்க வெள்ளை. அடக் கடவுளே, எங்கே விட்டேன் இவளை? கணினிக்குள் இருக்கிற வடதேசம் அது. பனிமலையும் மரக்கோட்டையும் அரக்கர்களும் உள்ள விளையாட்டு. அவன் வேலை பார்க்கிற கல்லூரியில் ஒரு மாணவன் படிப்பு முடிந்து போகும்போது, ‘லேப் அண்ணா, இத ஒரு தடவ ஆடிப் பாருங்க’ என்று கொடுத்துவிட்டுப் போனது. ஆடிப் பார்த்தான், ஆச்சு, ஒன்றேகால் வருஷம். வெளியே திருச்சி, கே.கே. நகர், இரண்டாம் மாடி. கத்திரி வெயில் மொட்டைமாடியைக் காய்ச்சி, அந்தச் சூடு கூரை வழியே இறங்கி பனியனை முதுகோடு ஒட்டவைக்கிறது. உள்ளே அவன் கரடித்தோல் போர்த்திக்கொண்டு தாடியில் பனி உறைய நிற்கிறான். காதில் ஹெட்போன், அதில் காற்று. அந்தக் காற்றுக்காகவே ஆடலாம், சும்மா சொல்லக் கூடாது. ஆள் அரவம் இல்லாத மலையில் காற்று மட்டும் ஊதும். காலடியில் பனி நொறுங்கும். தலைக்கு மேலே வானம் பச்சையாய்த் திரைச்சீலை மாதிரி ஆடும். கண்ணுக்குத் தெரிகிற எந்த மலைக்கும் நடந்தே போகலாம், யாரும் எங்கே போறேன்னு கேட்க மாட்டார்கள். திருச்சியிலேயே பிறந்து வளர்ந்தவன், மலைக்கோட்டையில் கடைசியாக எப்போது ஏறினான் என்று கேட்டால் முழிப்பான். கல்லூரியில் அவன் ‘லேப் அண்ணா’, சில வாத்தியார்களுக்கு ‘யோவ்’. அந்த வடதேசத்தில் காவல்காரன் ஈட்டியைச் சாய்த்து, ‘வருக வீரரே’ என்கிறான். நாற்பத்து நாலு வயதில் ஒருத்தனை யாராவது வருக என்று சொன்னால் அவன் போகாமல் என்ன செய்வான்?

வெள்ளச்சி அவனுடைய துணை. எங்கே போனாலும் கூட வருவாள், மூட்டை சுமப்பாள், அடி வாங்குவாள். விளையாட்டுக்காரர்கள் அவளுக்கு வைத்த பெயர் அஸ்த்ரித். சுகுணாதான் ஒருநாள் பக்கத்தில் முறுக்கு கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள், “என்னங்க பேரு இது, அஸ்தி கிஸ்தின்னு, அபசகுனமா. வெள்ளச்சின்னு கூப்பிடுங்க” என்றாள். அன்றையிலிருந்து வெள்ளச்சி. அவனுடைய பெயரை அடித்தபோதும் சுகுணா பக்கத்தில் இருந்தாள். தண்டபாணி முழுசாய் இடம் கொள்ளவில்லை, தண்ட என்று நின்றது. “பின்னாடி ஒரு ம் போட்டுக்குங்க, பொருத்தமா இருக்கும்” என்று சொல்லிவிட்டு முறுக்குத் தூள் சிந்தச் சிரித்தாள். அப்படிச் சிரித்து எத்தனை மாசம் ஆச்சு? தீபாவளிக்கு முன்னால். ஆமாம், தீபாவளிக்கு முன்னால்தான். அதை விடு. வெள்ளச்சியை எங்கே விட்டோம்? ஒடுங்கிய குகைகளில் அவள் பொறியை மிதித்துத் தொலைப்பாள், அம்பு வந்து இரண்டு பேர் மேலும் பாயும். அதனால் குகைவாசலில் அவளிடம் ஒரு சொல் சொல்வது உண்டு. பொத்தானை அமுக்கினால் நாலைந்து கட்டளை வரும்: கூட வா, தாக்கு, மூட்டையைக் காட்டு, இங்கேயே இரு. இங்கேயே இரு என்று சொன்னால் இருப்பாள். மழை பெய்தாலும் பனி பெய்தாலும் நின்ற இடத்தை விட்டு நகர மாட்டாள். திரும்பிப் போய்க் கூப்பிடுகிறவரைக்கும். ஏதோ ஒரு குகைவாசலில் சொல்லிவிட்டு, குகையின் மறுபக்கம் வழியாக வெளியேறி, அப்படியே மறந்து வந்திருக்கிறான். எந்தக் குகை? வரைபடத்தில் குகைகள் நூற்றுக்கு மேல். நிற்கிறவளுக்கு வரைபடத்தில் புள்ளி கிடையாது.

சுகுணா கிளம்பியது பதினோரு மணிக்கு. தில்லைநகரில் அந்த ஆஸ்பத்திரி. போன வாரம் ஊசி போட்டுச் சதை எடுத்தார்கள், இன்றைக்கு ரெண்டு மணிக்கு ரிப்போர்ட், நாலு மணிக்கு டாக்டர் எழுந்து போய்விடுவார். “நீ போயி டோக்கன் போட்டு உக்காரு, வெயில்ல ரெண்டு பேரும் எதுக்குக் காயணும், நான் ரெண்டு மணிக்கு வந்துடறேன்” என்று இவன்தான் சொன்னான். லீவு போட்டிருக்கிறான், சட்டை இஸ்திரி போட்டு மாட்டியிருக்கிறான், எல்லாம் சரி. அவள் செருப்பை மாட்டிக்கொண்டே, “நீங்க வந்தாதான் உள்ள போவேன். தனியா போயி என்னால கேக்க முடியாதுங்க” என்றாள். முந்தின நாள் தஞ்சாவூரிலிருந்து அவள் அக்கா மேகலா போனில், ‘நான் வரட்டுமாடி?’ என்று கேட்டதும், ‘வேணாங்க்கா, அவரு வர்றாரு’ என்று இவள் சொன்னதும் இவன் காதில் விழுந்ததுதான். கதவருகில் நின்று, “போயிட்டு வர்றேன்” என்றாள். கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் பால் வாங்கப் போனால்கூட போயிட்டு வர்றேன்தான். ஒருதடவை சண்டையில் இவன், ‘நான் போறேன்டி’ என்று சொல்லிவிட்டு வாசல் தாண்டியபோது சட்டையைப் பிடித்து இழுத்து உள்ளே கொண்டுவந்து, ‘போறேன்னு சொல்லாதீங்க, எழவுக்குச் சொல்ற வார்த்த அது, வர்றேன்னு சொல்லிட்டு எங்க வேணா போங்க’ என்று அழுதவள். இன்றைக்கு அவள் சொன்னதற்கு இவன் ஹெட்போனுக்குள்ளிருந்து “ம்” என்றான். திரும்பியாவது பார்த்திருக்கலாம். என்ன புடவை கட்டியிருந்தாள்?

ரெண்டு மணி ஆக இன்னும் அரை மணி நேரம் இருக்கிறது. வண்டியில் போனால் இருபத்தைந்து நிமிஷம். இப்போது எழுந்தால் சரியாக இருக்கும். ஆனால் பனிக்குள் நிற்கிறவளை அப்படியே விட்டுவிட்டு எப்படி எழுவது? பழைய சுரங்கம், கரடிக்குகை, மூன்று கல் நட்ட குன்று, இந்த மூன்றையும் பார்த்துவிட்டால் போதும், பத்து நிமிஷ வேலை. பார்த்தீர்களா, மனுஷனுக்குச் சாக்குக்கா பஞ்சம்? சுரங்கத்து வாசலில் யாரும் இல்லை. ஒரு கிழட்டு மான் பனியைக் கிளறிக்கொண்டிருந்தது. அந்த மானைப் பார்த்துக்கொண்டு நின்றபோது மாவுமில்காரன் மகள் ஞாபகம் வந்தது. ஆட்டம் தொடங்கின புதிதில் ஒரு மாவுமில்காரன் இவன் காலில் விழுந்தான். மகளைக் கொள்ளையர்கள் தூக்கிப்போய்விட்டார்கள், விடிவதற்குள் போகாவிட்டால் கழுத்தை அறுத்துவிடுவார்கள், ஓடுங்கள் வீரரே என்று கதறினான். தண்டபாணி புதுசு, பதறிவிட்டான். ஓடினான், வழியில் செத்தான், மறுபடி ஓடினான், மறுபடி செத்தான். அப்புறம் அலுத்துப்போய் வேறு பக்கம் போனான். பூப் பறித்தான், மருந்து காய்ச்சினான், வீடு வாங்கினான், மீன் பிடித்தான். விளையாட்டுக் கணக்கில் நூற்றுப் பன்னிரண்டு நாள் கழித்து வழிதவறி அந்தக் குகைக்குள் நுழைந்தால், அந்தப் பெண் அதே மூலையில் அதே கண்ணீரோடு கட்டிப்போட்டபடி உட்கார்ந்திருக்கிறாள். அவிழ்த்துவிட்டதும், ‘நல்லவேளை, சரியான நேரத்தில் வந்தீர்கள்’ என்றாள். அன்றைக்கு இந்த நாற்காலியில் சாய்ந்து விழுந்து விழுந்து சிரித்தான். அங்கே எதற்கும் கெடு கிடையாது. அவசரம் அவசரம் என்று எல்லோரும் அலறுவார்கள், ஒருத்தரும் சாக மாட்டார்கள். நீ போய்ச் சேருகிற நேரம்தான் சரியான நேரம். அந்த நிம்மதி வேறே எங்கே கிடைக்கும், சொல்லுங்கள்? கொஞ்சம் கொஞ்சமாய் அது உடம்பில் ஊறிவிட்டது. தீபாவளியன்று எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வந்த சுகுணா, தலையில் துண்டோடு இவன் நாற்காலிக்குப் பின்னால் நின்று, “ஏங்க, இடது பக்கம் கையில என்னமோ தட்டுப்படுது, புளியங்கொட்ட கணக்கா” என்றபோது இவன் மாமூத் யானை மாதிரி ஒன்றோடு சண்டையில் இருந்தான். “வலிக்குதா?” “வலிக்கல.” “அப்ப பாத்துக்கலாம்.” பொங்கலுக்கு மறுபடி சொன்னாள். பாத்துக்கலாம். மாசி மகத்தன்று சொல்லவில்லை, இவன் கையைப் பிடித்து வைத்துக் காட்டினாள். புளியங்கொட்டையாக இல்லை அது. கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டான், சுட்ட மாதிரி. அந்த நிமிஷம் அவள் முகத்தை இவன் பார்க்கவில்லை. பார்க்காததால்தான் அது இப்போது திரையில் பனிக்குள்ளெல்லாம் தெரிகிறது.

ரெண்டு பத்துக்குப் போன் வந்தது. ஒரு காதிலிருந்து ஹெட்போனை விலக்கினான். “என்னங்க, ரிப்போர்ட்டு வாங்கிட்டேன். பழுப்புக் கவர்ல போட்டு ஒட்டிக் குடுத்திருக்காங்க. நான் பிரிக்கல. எங்க வர்றீங்க?” “வந்துட்டே இருக்கேன், டோல்கேட் தாண்டிட்டேன்.” வாய் தானாகச் சொல்லிவிட்டது. ஊரில் எல்லோரும் சொல்கிற பொய்தானே, குளித்துக்கொண்டே வந்துட்டே இருக்கேன் என்று சொல்லாதவன் எவன்? ஆனால் பழுப்புக் கவர். அந்தக் கவரை அவனுக்குத் தெரியும். பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் வேறொரு ஆஸ்பத்திரி வராந்தாவில், பினாயில் வாசனையில், அம்மாவுடைய கவரை அவன் கையால் பிரித்தான். ஆங்கிலத்தில் நீளமாய் ஒரு சொல். அதற்கு அர்த்தம் தெரிந்துவிட்டது, தெரிந்ததை முகத்தில் காட்டக் கூடாது, அம்மா பெஞ்சில் உட்கார்ந்து, ‘என்னடா போட்டிருக்கு?’ என்கிறாள். ‘ஒண்ணும் இல்லம்மா, ரத்தம் கம்மியாம்’ என்று சொல்லிவிட்டு எதிர் ஓட்டலில் மசால் தோசை வாங்கிக் கொடுத்தான். அம்மா சாப்பிட்டாள், முழுத் தோசையையும், சட்னியை விரலால் வழித்து. நாற்பது நாள்தான் இருந்தாள். அதற்குப் பிறகு மசால் தோசை வாசனை வந்தால் இவன் எழுந்து போய்விடுவான். இன்னொரு பெஞ்சு, இன்னொரு பெண், இன்னொரு கவர். முடியாதுடா சாமி. கவர் ஒட்டியிருக்கிறவரைக்கும் உள்ளே ஒன்றும் இல்லை. பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகமே இருண்டுபோச்சு என்று நினைக்குமாம். பூனையைச் சொல்வானேன்.

கரடிக்குகை வாசலிலும் வெள்ளச்சி இல்லை. மூணு மணிக்கு மறுபடி போன். “எங்கங்க?” “புத்தூர் நால்ரோடு, ஒரே டிராபிக்.” சொன்ன கையோடு நினைத்தான், பொய்யிலே எவ்வளவு வேகமாய்ப் பயணம் போகிறேன், டோல்கேட்டிலிருந்து புத்தூருக்கு நாற்காலியை விட்டு எழாமலே. விளையாட்டிலும் இப்படி உண்டு, வரைபடத்தில் ஊரைத் தொட்டால் அடுத்த நொடி அங்கே நிற்கலாம். ஆனால் முன்னால் ஒரு தடவையாவது கால் வைத்த ஊராக இருக்க வேண்டும். சுகுணாவுக்கு ஊசி போட்ட அன்றைக்கும் இவன் அந்த ஆஸ்பத்திரிக்குள் போகவில்லை, வெளியே வண்டி நிறுத்த இடம் இல்லை என்று சொல்லித் தெருமுனையிலேயே நின்றான். அவள் போனில் மூச்சு விடுவது கேட்டது. பின்னால் யாரோ நர்ஸ், ‘இருபத்தி ஒண்ணு, சுகுணா’ என்று கூப்பிட்டது கேட்டது. “எனக்கு அடுத்தவங்களப் போகச் சொல்றேன், நீங்க பாத்து வாங்க, அவசரப்பட்டு வண்டிய முறுக்காதீங்க” என்று வைத்துவிட்டாள். அவசரப்படாதீங்க என்கிறாள், பாவி மகள். இதைக் கேட்ட பிறகாவது எழுந்திருக்க வேண்டாமா? எழுந்தான். சத்தியமாய் எழுந்தான். ஆணியில் மாட்டியிருந்த சட்டையை எடுத்தான், ஒரு கையை நுழைத்தான், வண்டிச் சாவியையும் எடுத்தான். நின்றபடியே ஒரு தடவை திரையைப் பார்த்தான். மூன்று கல் குன்று மட்டும் பாக்கி. அதோ தெரிகிறது, ரெண்டு நிமிஷம். உட்காரவில்லை, நின்றுகொண்டுதான் ஆடினான். அப்புறம் எப்போது உட்கார்ந்தான் என்று தெரியாது. சாவி மடியில் இருந்தது. மேலே பேன் சுற்றிச் சுற்றி அதே சூட்டைத்தான் திரும்பத் திரும்பக் கொடுத்தது. மூணரை. நாலுக்குப் பத்து. போன் குப்புறக் கிடந்து இரண்டு தடவை மேஜையை அதிரவைத்து ஓய்ந்தது. எடுத்தால் என்ன சொல்வது? புத்தூரிலிருந்து தில்லைநகர் கூப்பிடு தூரம். இனிமேல் சொல்ல ஊர் இல்லை. நாலும் அடித்துவிட்டது. தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன? டாக்டர் எழுந்து போயிருப்பார். நாளைக்கு வரச் சொல்லியிருப்பார். நாளைக்கு ரெண்டு பேரும் சேர்ந்து காலையிலேயே போகலாம், முதல் டோக்கன். நாளைக்குக் கட்டாயம். இந்த நினைப்பு வந்ததும், வெட்கக்கேடு, உடம்பு லேசாகிவிட்டது. மாவுமில்காரன் மகள் மூலையிலேயே உட்கார்ந்திருப்பாள். சரியான நேரத்தில் வந்தீர்கள் என்பாள்.

மூன்று கல் குன்றில் இல்லை. அதற்குப் பின்னால், பெயர்கூட இல்லாத ஒரு பாறைப் பொந்து. அங்கேதான், ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருக்கையில், கண்டான். பனி தோள்வரை மூடியிருக்க, தலைமயிரெல்லாம் வெள்ளையாக, கோடாரியை ஊன்றிக்கொண்டு வெள்ளச்சி நிற்கிறாள். சொன்ன இடத்தில். ஒரு அடி நகரவில்லை. இவன் கிட்டே போனதும் முகத்தைத் திருப்பிப் பார்த்தாள். எங்கே போயிருந்தாய், ஏன் இவ்வளவு நேரம், ஒரு வார்த்தை இல்லை. ‘வந்துவிட்டீர்களா? புறப்படலாமா?’ என்று ஆங்கிலத்தில் கேட்டாள். தண்டபாணிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. நாற்பத்து நாலு வயது மனுஷன், ஒரு கை நுழைத்த சட்டையோடு, ‘மன்னிச்சுக்கம்மா, மன்னிச்சுக்க’ என்று ஒரு பொம்மையிடம் வாய்விட்டுச் சொல்லி அழுதான். அழுகையோடு ஒரு தைரியமும் வந்தது. இவளைக் கண்டுபிடித்தாயிற்று, அவளையும் போய்க் கூட்டிவந்துவிடலாம். பெஞ்சில்தான் இருப்பாள். நீங்க வந்தாதான் உள்ள போவேன் என்றவள் எங்கே போவாள்? போய்க் காலில் விழுந்தாலும் சரி. அந்த நேரம் பார்த்துப் போன் அதிர்ந்தது. சுகுணா.

“எங்கங்க இருக்கீங்க?” குரல் என்னமோ அமைதியாக இருந்தது.

“ஆஸ்பத்திரி வாசல்லதான், வண்டிய நிறுத்திட்டு இருக்கேன். நீ அங்கயே இரு, ரெண்டே நிமிஷம்.”

“சரி” என்றாள். அந்த ஒரு சொல் போனிலும் கேட்டது, ஹெட்போன் விலகின இந்தக் காதில் முதுகுக்குப் பின்னாலும் கேட்டது. திரும்பினான். உள்கதவில் சாய்ந்து, ஒரு கையில் போனும் ஒரு கையில் வீட்டுச் சாவியுமாக சுகுணா நின்றாள். நீலப் புடவை. வியர்வையில் நெற்றிக் குங்குமம் மூக்குவரை வழிந்திருந்தது. எவ்வளவு நேரமாய் நிற்கிறாள், அழுததைப் பார்த்தாளா, மன்னிச்சுக்கம்மா என்றதைக் கேட்டாளா? எழப் பார்த்தான். சாவி மடியிலிருந்து தரையில் விழுந்து சத்தம் போட்டது.

அவள் திட்டவில்லை. கிட்டே வந்து திரையைக் குனிந்து பார்த்தாள். “கண்டுபிடிச்சுட்டீங்களா வெள்ளச்சிய?”

“ம்” என்றான்.

“பாவம். எத்தன நாளா நின்னாளோ.” கக்கத்தில் இடுக்கியிருந்த பழுப்புக் கவரை எடுத்து விசைப்பலகை மேல் வைத்தாள். வாய் கிழிந்திருந்தது. “மூணு தடவ என் நம்பர விட்டுட்டு அடுத்தவங்கள அனுப்புனேன். நாலாவது தடவ அந்த நர்ஸ் பொண்ணே கையப் புடிச்சு உள்ள கூட்டிட்டுப் போச்சு. டாக்டர் கூட யாரும்மா வந்திருக்காங்கன்னு கேட்டாரு. வந்துட்டே இருக்காருன்னு சொன்னேன்.” கவரின் கிழிந்த விளிம்பை விரலால் நீவினாள். “தீபாவளிக்கே வந்திருந்தா வேற மாதிரி பேசியிருப்பேன்னாரு. இப்ப நெஞ்சுக்கூடு வரைக்கும் போயிருக்காம்.”

“சுகுணா…”

“மூணு மணிக்கே அக்காவுக்குப் போன் பண்ணேன். வந்துட்டே இருக்கேன்னு சொல்லல அவ, வந்து நின்னா.” கீழே தெருவில் ஒரு கார் ஹாரன் ஒருமுறை அடித்தது. அவள் உள்ளே போனாள். பீரோ திறந்தது, மூடியது. திரும்பி வந்தபோது தோளில் அந்தப் பழைய ரெக்ஸின் பை இருந்தது. தண்டபாணி எப்படியோ எழுந்து குறுக்கே வந்தான், ஒரு சட்டைக்கை தரையைத் துடைக்க. “நானும் வர்றேன், சுகுணா. இதோ, சட்டையப் போட்டுட்டு. ரெண்டே நிமிஷம்” என்றான். ரெண்டே நிமிஷம் என்ற சொல் வாயை விட்டு வெளியே வந்த பிறகுதான் அவனுக்கே கேட்டது. அவள் அவன் முகத்தைப் பார்த்தாள், மாசி மகத்தன்று இவன் பார்க்காமல் விட்ட அதே முகத்தோடு. அப்புறம் குனிந்து, தரையில் கிடந்த வண்டிச் சாவியை எடுத்து மேஜையில் வைத்தாள், வீட்டுச் சாவியையும் அதன் பக்கத்தில்.

“வேணாம்” என்றாள். “நீங்க இங்கயே இருங்க.”

செருப்பை மாட்டினாள். கதவருகில் ஒரு கணம் நின்றாள், பதினாறு வருஷமாய் நிற்கிற இடத்தில். தண்டபாணி மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தான்.

“போறேன்.”

படியில் செருப்புச் சத்தம் இறங்கியது. அவன் அந்த இன்னொரு சொல்லுக்காக நின்றான். முதல் மாடி வளைவில் நின்று திரும்பிச் சொல்வாள் என்று நின்றான். கார்க் கதவு சாத்திய சத்தம் கேட்ட பிறகும், வண்டி தெருவைத் தாண்டிப் போன பிறகும், அவள் சொன்ன இடத்தை விட்டு நகராமல் நின்றுகொண்டே இருந்தான்.